நிறுத்தக் கோட்டில் அத்தானின் கார்

அக்கா புருஷன் கேமரா விற்கிறவர். சிக்னல் இல்லாத சந்திப்புகளில், நிறுத்தக் கோட்டில் வந்து நிற்கும் வண்டிகளைத் தானாகவே கண்டுபிடிக்கும் கேமரா. நான் சாலைத் துறையில் வண்டிகளைக் கையால் எண்ணுகிறவள். "விரல் தேயற வேலை" என்று சாப்பாட்டு மேஜையில் பல வருஷமாக என்னைக் கிண்டலடித்தவர் அவர்.

அந்தக் கேமராவைச் சோதிக்க என்னையே அனுப்பினார்கள். உறவுக்காரர் என்று சொல்லிப் பார்த்தேன். "எண்றதுக்கு என்னம்மா உறவு?" என்றார் மேலதிகாரி.

முதல் மணி நேரத்தில் நான் எண்ணியது நூற்றுப் பன்னிரண்டு. கேமரா சொன்னது நூற்று நாற்பது. மரக்கிளை ஆடியதையெல்லாம் வண்டி என்று நினைத்துவிட்டது.

"இப்ப பாரு" என்று தன் காரையே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார் அத்தான். திரையில் காரைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது. இறங்கி வந்து பிரசங்கத்தை ஆரம்பித்தார். நான்காவது நிமிடம் கட்டம் மறைந்தது. அசையாமல் நின்ற காரைத் தார்ச்சாலையோடு சேர்த்துவிட்டது கேமரா.

"அத்தான், உங்க காரைக் காணோம்."

"வெயில் ஜாஸ்தி, அதான்."

"நிக்கிற வண்டியைப் பாக்கத்தானே இது?"

"உனக்கு டெக்னாலஜி புரியாதும்மா."

"யோவ், காரை எடுய்யா!" என்று பின்னால் வந்த லாரிக்காரர் கத்தினார். அவருக்குக் கார் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "ரிப்போர்ட்ல வெயில்னு ஒரு வரி சேத்துடேண்டி."

சேர்த்தேன். 'வெயில் காரணம் என்கிறார் விற்பனையாளர். அன்று மேகமூட்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கேமரா திரும்பிப் போனது. அக்கா ஒரு மாதம் பேசவில்லை. அத்தான் பேச்சை நிறுத்தவே இல்லை. இப்போது முகம் பார்த்துத் திறக்கும் கதவு விற்கிறாராம்.