குடிக்கிற அல்வா

டேவிட் இறந்த ஐந்தாம் மாதம் அவருடைய புத்தாண்டு வந்தது. யூதர்களின் புத்தாண்டு. அவர் பம்பாயிலிருந்து வேலைக்கு வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, தங்கச் சுரங்க ஊரான இந்த சாம்பியன் ரீப்ஸிலேயே தங்கிவிட்டவர். நான் சர்ச்சுக்குப் போகிறவள். இனி எங்கள் வீட்டில் அந்தப் பண்டிகைக்கு ஒரே ஆள்தான், நான்காம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் ரெபேக்கா.

அன்றைக்கு அவர் அல்வா கிண்டுவார். கோதுமைப் பால், தேங்காய்ப் பால், சர்க்கரை, அவ்வளவுதான். பண்டிகைச் சாப்பாட்டில் கறி இருக்கும். கறியோடு மாட்டுப் பாலும் நெய்யும் யூதர்களுக்குச் சேராது. நெய் இல்லாமல் அது இறுக மூன்று மணி நேரம் கை ஓயாமல் கிண்ட வேண்டும்.

"ஸ்கூல்ல சொல்லிட்டேம்மா, நாளைக்கு எட்த்துனு வர்றேன்னு. அப்பா மாதிரி பீஸ் பீஸா வெட்டி."

வாரத்தில் ஆறு நாள் இருட்டோடு ரயிலேறி பெங்களூரு போய்வருகிற உடம்பு. ஞாயிறு மதியம் ஒன்றரை மணி நேரம் கிண்டினேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அடுப்பை அணைத்தேன்.

"ஆறினா இறுகிடும்" என்றேன்.

இறுகவில்லை. காலையில் பாத்திரத்தைச் சாய்த்தால் ஓடியது. நெய் விட்டு மறுபடி காய்ச்சலாமா என்று பாட்டிலை எடுத்தேன்.

"அப்பா ஊத்த மாட்டாரு" என்றாள். வைத்துவிட்டேன். அல்வாவைத் தூக்கில் ஊற்றி, அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

மறுநாள் ரயிலில், ரெபேக்காவோடு படிக்கும் சம்பங்கியின் அம்மா ராதிகா என் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, உங்க பண்டிகைக்கு அல்வாவ குடிப்பீங்களாமே? எம் பொண்ணு ஒரே அளப்பு. கண்ண மூடிக்கினு ஒரே மொடக்குல குடிக்கணுமாம். வெட்டித் துன்னா வருசமே துண்டு துண்டா பூடுமாம்!"

"யார் சொன்னது?"

"உம் பொண்ணுதான். பசங்க மொதல்ல கஞ்சி, கஞ்சின்னு கிண்டல் பண்ணாங்களாம். அப்பறம் இன்னொரு மூடி ஊத்துடின்னு சண்டையாம். நெஜமாவே அப்படியாக்கா?"

டேவிட் சிரித்திருப்பாரா, கோபித்துக்கொண்டிருப்பாரா? எனக்குத் தெரியவில்லை.

"ஆமா ராதிகா, எங்க வீட்டு வழக்கம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "ஏண்டி பொய் சொன்ன?"

ரெபேக்கா நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"சம்பங்கி கேட்டா, இன்னாடி, உங்கம்மாவுக்கு செய்யத் தெரியாதான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"தெரியும்னு சொன்னேன். அப்பறம் குடிக்கச் சொன்னேன்."

பையைத் தோளில் மாட்டியபடியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்ச நேரம் எழுதினாள். பிறகு நிறுத்தி, உண்மையான கவலையோடு என்னைப் பார்த்தாள்.

"அடுத்த வருசம் கெட்டியா வந்துட்டா இன்னாம்மா பண்றது?"

"வராது" என்றேன்.