லமினேற் செய்த துறைமுகம்

புரொபெசோரே கார்மெலோவின் வீட்டில் பதினொரு வருடமாகத் தூசி தட்டுகிறேன். அந்த வீட்டில் தூசி தட்டுவது என்றால் படம் தட்டுவது. சுவர் என்று ஒன்று கொஞ்சமாவது தெரியவேண்டாமா? கூடத்தில் பழைய இங்கிலாந்து ரயில் விளம்பரங்கள். நடைவழியில் கடற்கரைக்கு வாருங்கள் என்று கூப்பிடும் விளம்பரங்கள். குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில்கூட பிஸ்கட் விற்கிற ஒரு தொப்பிக்காரன். எல்லாம் அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தியவை. மனிதர் இத்தாலியில் இந்தப் பலேர்மோவிலேயே பிறந்து வளர்ந்தவர். போர்கோ வெக்கியோவில் அவருடைய ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கப்பல்கள் தெரியும், வருடத்தில் பாதி நாளுக்கு மேல் வெயில் எரிக்கும். அவருக்கோ இங்கிலாந்தின் மழைதான் பிடித்திருந்தது. இது ஏன் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் முழுதாக விளங்கியதென்று சொல்லமாட்டேன்.

இளம் வயதில் லண்டனுக்குப் போய் நம்மவர்களைப் போலவே கோப்பை கழுவியிருக்கிறார். திரும்பி வந்து நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தார். இங்கே வாத்தியாரைப் புரொபெசோரே என்பார்கள். பலேர்மோவில் என்னை 'நீங்கள்' என்று கூப்பிடுகிற ஒரே வீட்டுக்காரர் அவர்தான். என் பெயரையும் பிழையில்லாமல் சொல்வார். மற்றவர்கள் ஞானம்பிகை என்பதை ஏதோ மருந்தின் பெயர்போல விழுங்குவார்கள்.

லண்டனில் முதல் சம்பளத்தில் அவர் வாங்கிய படம் கட்டிலுக்கு மேலே தொங்கியது. தரைக்கு விரிக்கிற லினோலியத் துண்டில் செதுக்கி, மை பூசி, கையால் அழுத்தி எடுத்ததாம். ஒரு கறுப்பு முக்கோணம், நடுவே சிவப்பு உருண்டை, கீழே கோணல் கோடுகள். அது ஒரு துறைமுகம் என்று அவர் சொன்னார். நான் நாலு பக்கமும் தலையைச் சரித்துப் பார்த்தேன். எனக்கென்னவோ விழுந்து கிடக்கும் தையல் மெஷின் மாதிரித்தான் இருந்தது. துறைமுகம் பார்க்கவேண்டும் என்றால் ஜன்னலைத் திறக்கலாமே என்று சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார்.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்குக் கண் போய்விட்டது. குளுக்கோமா. அதற்குப் பிறகும் காலையில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, அந்தப் படத்தை மட்டும் சட்டத்திலிருந்து எடுத்து மேசையில் வைக்கச் சொல்வார். பிறகு விரலால் தடவுவார். ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக அழுத்தியது, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறது, விரலுக்குத் தெரியும் என்பார். 'இதோ கொடிமரம், இதோ தண்ணீர்' என்று சொல்லிக்கொண்டு போவார். படம் சேர்க்கிற மற்றவர்கள் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்கள் என்று என் மகள் ஆரணி சொல்வாள். அவள் இங்கே கலைக்கல்லூரியில் இரண்டாம் வருடம்.

இந்த மாசி மாதம் அவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அதே கிழமை மேல்வீட்டுக் குழாய் வெடித்துப் படுக்கையறைச் சுவரால் தண்ணீர் இறங்கியது. மற்றப் படங்களை நான் காய்ந்த அறைக்கு மாற்றிவிட்டேன். துறைமுகத்தின் கண்ணாடிக்குள் மட்டும் ஈரம் ஏறத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அவர் என் கையைப் பிடித்தார். "சட்டத்தைக் கழற்றிவிட்டு உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், ஞானம்பிகை. தண்ணீர் படக்கூடாது. உங்களுடைய பொருளை எப்படி வைத்திருப்பீர்களோ அப்படி வைத்திருங்கள்."

அப்படித்தான் வைத்தேன். அதில்தான் எல்லாக் கரைச்சலும் வந்தது.

என்னுடைய பொருள் என்றால் என்ன? காசு நகை இல்லை. கடதாசிதான். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, அம்மா ஒரு சொப்பிங் பையில் வீட்டின் கடதாசிகளை எல்லாம் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தா. கொட்டின மழையில் காணி உறுதி, சேட்டிபிக்கேற், கல்யாணப் பதிவு எல்லாம் ஒட்டிப் பிசினாகிப் போயின. உலர்த்திப் பிரித்ததில் உருப்படியாக மிஞ்சியது என் கடைசித் தம்பி லக்சனின் பிறப்புப் பதிவு மட்டும். இரண்டாயிரத்தொன்பதில் போர் முடிந்தபிறகு லக்சன் இல்லை. இருக்கிறான் என்றும் இல்லை, செத்தான் என்றும் இல்லை. அம்மா அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு காணாமல்போனோர் விசாரணை விசாரணையாகத் திரிந்தா. அம்மா போனபின் அது எனக்கு வந்தது. வந்த கிழமையே லமினேற் செய்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். பலேர்மோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் கட்டிலுக்குக் கீழே இருக்கும் சூட்கேசைத் திறந்து பாருங்கள், பளபளவென்று பிளாஸ்டிக் கண்ணைக் குத்தும். தண்ணீருக்குப் பயந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பூட்டு கிடையாது.

ஆகவே துறைமுகத்தைச் சுருட்டாமல், மடிக்காமல், இரண்டு மட்டைக்கு நடுவே வைத்து அல்பெர்கேரியாவில் உள்ள ஜோக்கிமின் கடைக்குக் கொண்டுபோனேன். ஜோக்கிம் மன்னார் ஆள். போட்டோக்கொப்பி, போன் ரீசார்ஜ், எல்லாம் செய்வான். கோயில் திருநாளுக்கு மாதா படங்கள் அடிக்கவென்று பெரிய லமினேற் மெஷின் வைத்திருந்தான். பெரிதென்றாலும் போதவில்லை. படம் அவனுடைய பிளாஸ்டிக்கைவிட இரண்டு விரல் நீளம். ஓரத்தில் வெறும் வெள்ளைதானே, நறுக்கிவிடலாம் என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தான். எனக்கு வந்த கோபத்தில் அதைப் பறித்து என் கைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

"ஒரு நூல்கூட வெட்டக்கூடாது தம்பி. இது என்ர சாமான் இல்லை, நம்பித் தந்தவை."

வெட்டவில்லை. கீழ்க்கரை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பென்சிலால் ஏதோ எழுதியிருந்த கரை. அரைகுறை வேலை என்று அவனைப் பேசிவிட்டுத்தான் வந்தேன். மிச்சத்தை வீட்டில் செலோரேப் ஒட்டி மூடலாம் என்று நினைத்து ஒரு பெரிய சுருளும் வாங்கினேன்.

அதை மேசையில் விரித்து ரேப்பின் நுனியை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தபோது ஆரணி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அம்மா, இது புரொபெசோரேன்ர படமா?"

ஓம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ்டிக்கில் இருக்கும் பசை சூட்டில் உருகிக் கடதாசிக்குள் இறங்கிவிட்டது, இனி எந்தக் கடவுளாலும் பிரிக்கமுடியாது, இப்படிப்பட்ட படத்துக்கு யாரும் இதைச் செய்யமாட்டார்கள் என்று சொன்னாள். எனக்குத் தலை சுற்றியது. கண்ணாடிக்குள் வைத்தால் பாதுகாப்பாம், பிளாஸ்டிக்குக்குள் வைத்தால் நாசமாம். தண்ணீர் பட்டால் கெட்டுப்போகுமாம், தண்ணீர் படாமல் செய்தாலும் கெட்டுப்போகுமாம். இந்தச் சட்டத்தை எழுதியது யார் என்று கேட்டேன். படம் முந்தியைவிடப் பளிச்சென்று தெரிகிறதே, எங்கே பழுது, காட்டு என்று சண்டை பிடித்தேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அவர் கண்ணாலையே பார்க்கிறவர்? தொட்டெல்லோ பார்க்கிறவர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரேப் சுருளை அலுமாரிக்குள் எறிந்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஜோக்கிமிடம் ஓடினேன். அவனும் கலங்கிப்போனான். திருநாள் நோட்டீஸ் ஒன்றை எடுத்து, லமினேற் செய்து, தலைமயிர் உலர்த்துகிற மெஷினால் சூடாக்கி, மூலையில் உரித்துப் பார்த்தான். மாதாவின் முகம் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. அவன் சிலுவை போட்டான்.

என் கணவர் விமலராஜ் தன் பங்குக்கு ஒரு வழி சொன்னார். குழாய்த் தண்ணீரில் படம் போய்விட்டது என்று சொல்லிவிடு, கண் தெரியாத மனிதர் எதை அறியப்போகிறார் என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார். ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, சரி, உண்மையை எப்படிச் சொல்வது? நான் பிழை செய்தேனா? செய்தேன். எதைப் பிழையாகச் செய்தேன்? அதுதான் தெரியவில்லை. ஒரு பொருளை என்னால் முடிந்தவரை காப்பாற்றினேன், அதனாலேயே அது அவருக்கு இல்லாமல் போய்விட்டது. இரண்டு கிழமையாக இதே யோசனையில் மற்ற வீடுகளில் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

புரொபெசோரே நாலுகால் தடியோடு வீட்டுக்கு வந்த அன்று, பல்லாறோ சந்தையால் நடந்துபோகும்போதே சொல்லவேண்டியதை இத்தாலியனில் பாடமாக்கினேன். லக்சனின் பதிவையும் சூட்கேசிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டிருந்தால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

அவர் என்னைக் கண்டதும், அதாவது என் காலடியைக் கேட்டதும், முதலில் கேட்டது துறைமுகத்தைத்தான். கை கழுவக் கூட்டிப்போகச் சொன்னார். கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைத்து, மேசையில் உட்கார்ந்தார். நான் படத்தை முன்னால் வைத்தேன். அவருடைய விரல் கொடிமரம் இருக்கவேண்டிய இடத்துக்குப் போய் வழுக்கியது. திரும்பவும் போனது. திரும்பவும் வழுக்கியது.

கண்ணாடியோடு கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பாடமாக்கியதெல்லாம் பறந்துபோய்விட்டது.

"என்னுடைய பொருள்போல வைத்திருக்கச் சொன்னீர்கள், புரொபெசோரே. வைத்தேன்."

அவருக்கு விளங்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வழி தவறியவர்போல அந்தப் பிளாஸ்டிக்கை இரண்டு கையாலும் துழாவினார். என்னால் பார்க்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து லக்சனின் பதிவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இது என் தம்பி என்றேன். மழையைச் சொன்னேன், அம்மாவின் பையைச் சொன்னேன், விசாரணைகளைச் சொன்னேன். பின்பக்கத்தில் அப்பா பேனாவால் அவன் பிறந்த நேரமும் நட்சத்திரமும் எழுதியிருக்கிறார், அப்பா அழுத்தி எழுதுகிற ஆள் என்று சொன்னேன். இத்தாலியன் எங்கெங்கோ உடைந்தது.

சொல்லி முடித்தபின் ஒரு கையில் அதையும் மறு கையில் துறைமுகத்தையும் பிடித்தார். அப்போது அவருடைய பெருவிரல் துறைமுகத்தின் கீழ்க்கரையில் பட்டது. ஜோக்கிமின் பிளாஸ்டிக் எட்டாமல் விட்ட இரண்டு விரல் கடதாசி. அங்கேயே நின்றது. பிறகு ஊர்ந்தது. பென்சில் அழுத்திய இடம் வந்ததும் அவர் உதடு அசைந்தது. அறுபதில் பதினேழு என்று அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார்; அழுத்தி எடுத்த அறுபது படத்தில் இது பதினேழாவதாம். அடுத்ததாகச் செதுக்கியவருடைய கையெழுத்தைத் தடவினார். அவர் தோள் மெல்ல இறங்கியது.

"இங்கே இருக்கிறது," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. எல்லாம் முடிந்தது, மன்னித்துவிட்டார் என்று நினைத்துக் காப்பி போட எழுந்தேன்.

அவர் துறைமுகத்தை மேசையில் வைத்துவிட்டு என் தம்பியின் பதிவை இரண்டு கையாலும் எடுத்தார். அதன் கீழ்க்கரையில் பெருவிரலை வைத்து நகர்த்தினார். மூலை வந்தது, விரலைத் திருப்பினார். பக்கத்துக் கரை, மேற்கரை, மறுபக்கத்துக் கரை. திரும்பத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தார். பிறகு இன்னொரு தடவை, இன்னும் மெதுவாகச் சுற்றினார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்கு இரண்டாம் சுற்றில்தான் தெரிந்தது. அது எனக்கு வந்த இந்த ஒன்பது வருடத்தில் அதை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் பேனா பதிந்த இடம் முந்தி விரலுக்குத் தட்டுப்படும். கடைசியாக எப்போது தட்டுப்பட்டது என்று யோசித்துப் பார்த்தேன்.

"உங்களுடையதில் கடதாசி எங்கே வெளியே வருகிறது, ஞானம்பிகை?" என்று கேட்டார்.

"வராது, புரொபெசோரே," என்றேன். "நாலு பக்கமும் ஒட்டியாயிற்று. நன்றாக ஒட்டச் சொன்னதும் நான்தான்."