ஆடாத கதிரை

திருகோணமலைத் துறைமுகத்துப் பைலட் அறையில் மூத்த பைலட்டுகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் குலசிங்கத்தார், மற்றவர் அபூதாஹிர். இருவரும் எந்த விடயத்திலும் ஒத்துப்போனது கிடையாது, ஒன்றைத் தவிர. இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு வேலை செய்ய உடம்பு வளையாது என்பதே அந்த ஒன்று. இந்தத் தீர்ப்பை அவர்கள் தினமும் காலை பத்து மணிக்கு, தேநீர் வந்த கையோடு, கதிரையில் சாய்ந்தபடி வழங்குவார்கள்.

பைலட் என்றதும் யாரும் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். கப்பல் துறைமுக வாசலில் வந்து நிற்கும். இவர் படகில் போய், அதன் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறி, கப்டனுக்குப் பக்கத்தில் நின்று, பாறை எங்கே ஆழம் எங்கே என்று சொல்லி உள்ளே கொண்டுவருவார். அவ்வளவுதான். இதைக் குலசிங்கத்தார் தன் மனைவி கமலேஸ்வரியின் தம்பி இராசையாவுக்கு இருபது வருடமாக விளங்கப்படுத்தியும் பலனில்லை. கப்பல்துறை என்ற ஊரில் ஆடு வளர்க்கும் அந்த மனிதர், சீனக்குடாவில் விமானம் இறங்கும்போதெல்லாம் ஆடுகளை விட்டுவிட்டு ஓடிவந்து, "அந்தா எங்கட அத்தான்" என்று ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

கந்தோர் எட்டு மணிக்குத் தொடங்கும். குலசிங்கத்தார் ஒன்பதரைக்கு வருவார். அதைப் பிந்தி வருவது என்று சொல்வது அநியாயம். முப்பது வருட அனுபவம் அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும் என்பது அவருடைய எண்ணம். வந்ததும் சுவர்க் கண்ணாடியில் மீசையைச் சரிபார்ப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்து கண்ணை மூடி யோசிப்பார். யோசனை சில நாட்களில் குறட்டையாகவும் வெளிப்படும். பயிற்சிக்கு வந்திருந்த ஜவாஹிரோ ஒன்பது நாற்பதுக்கு வருவான். முழுதாகப் பத்து நிமிடம் பிந்தி! குலசிங்கத்தாருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜவாஹிருக்கு வயது இருபத்தாறு. ஆறு வருடம் வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். காதை மூடிய தலைமயிர். அகலக் காற்சட்டை. காற்றடிக்கும் நாளில் ஒரு கையால் ஏணியையும் மறு கையால் காற்சட்டையையும் பிடித்துக்கொண்டுதான் ஏறுவான். எந்த வேலை சொன்னாலும் "ஓம் சேர்" என்பான். அந்த ஓமுக்கும் வேலைக்கும் இடையில் ஒரு கப்பல் வந்து சாமான் இறக்கிவிட்டுப் போய்விடலாம்.

"நாங்க அப்பிடியா இருந்தம்?" என்று அபூதாஹிர் தொடங்குவார். "ஐம்பத்திரெண்டாம் ஆண்டு, படகு எஞ்சின் நிண்டு போச்சு. நான் என்ன செஞ்ச? கடல்ல பாய்ஞ்சு, கப்பல் வரைக்கும் நீந்திப் போய் ஏணியப் பிடிச்ச."

உண்மையில் அவர் அன்று நூறு யார் தூரம் நீந்தியிருப்பார். அறுபதாம் ஆண்டளவில் அது அரை மைலானது. இப்போது எழுபத்து நான்கில், அவர் பல மைல் தள்ளியுள்ள நிலாவெளியிலிருந்தே நீந்தத் தொடங்கியிருந்தார். குலசிங்கத்தார் மறுப்பதில்லை. அவரிடமும் ஒரு புயல் கதை இருந்தது. அதற்கு அபூதாஹிர் தலையாட்ட வேண்டியிருந்ததே!

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து ஒரு நீளக் கடித உறை வந்தது. உள்ளே நாலு பக்கப் படிவம், முழுக்கச் சிங்களத்தில். பயிற்சிப் பைலட்டைப் பற்றி அபிப்பிராயம் கேட்டுப் படிவம் வரும் என்று மேலதிகாரி முதலே சொல்லியிருந்தார். குலசிங்கத்தாருக்குக் கை துறுதுறுத்தது.

ஒரு சிறு சங்கடம். அவருக்குச் சிங்களம் வாசிக்க வராது. ஆனால், அறுபத்து நான்கிலேயே சிங்களச் சோதினை பாஸ் பண்ணிவிட்டதாகக் கந்தோர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மேல்மாடியில் இருக்கும் கிளாக்கர் பாக்கியரத்தினத்திடம் கொண்டுபோனால் ஒரு நிமிடத்தில் வாசித்துச் சொல்வார். அதன் பிறகு பத்து வருட மரியாதை என்னாவது? அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, படிவத்தைத் தூரத்திலும் கிட்டத்திலும் பிடித்துப் பார்த்தார். சம்பளச் சீட்டில் பார்த்துப் பழகியதால், மேலே தன் பெயர் இருப்பது மட்டும் தெரிந்தது. அபிப்பிராயம் சொல்பவரின் பெயர் மேலேதானே இருக்கும்! மீதி எல்லாம் இலக்கமும் புள்ளிக்கோடும். கேள்வி தெரியாவிட்டால் என்ன, பதில் கைவசம் இருக்கிறதே.

அபூதாஹிர் தலையாட்டத் தலையாட்டக் குலசிங்கத்தார் ஆங்கிலத்தில் எழுதினார். ஒன்பதரைக்கு முன் இவரைக் கண்டவர் இல்லை. பொறுப்பு என்பது அறவே கிடையாது. ஏணியைக் கண்டால் பெருமூச்சு விடுவார். மத்தியானத்துக்குப் பின் எழுப்புவது சிரமம். கண்ணாடிக்கு முன் செலவழிக்கும் நேரம் கொஞ்சமல்ல. நாளுக்கு ஆறு தேநீர். கடைசிக் கோடு மட்டும் நீளமாக இருந்தது. அதில் சட்டையின் கையை மடித்துவிட்டு எழுதினார்: இவரைத் தொடர்ந்து சேவையில் வைத்திருப்பது துறைமுகத்துக்கு நட்டம்.

உறையை ஒட்டியதும் அவருக்கு ஒரு குறும்பு தோன்றியது. "தம்பி ஜவாஹிர், இதை ஒருக்கால் தபால் கந்தோரில போட்டுவிடும்" என்றார்.

"ஓம் சேர்" என்று வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தான் ஜவாஹிர். தன் தலையைத் தானே சுமந்துகொண்டு போகிறான் என்று இருவரும் தேநீருக்குள் சிரித்தார்கள். சீனித் தட்டுப்பாட்டுக் காலம் அது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர்தான் குடித்தார்கள். ஆனாலும் அன்று அது தேனாக இனித்தது.

பின்னேரம் யோசனைக்காகச் சாய்ந்தபோது குலசிங்கத்தாரின் கதிரை வழக்கம்போல ஒரு பக்கம் சரிந்து ஆடியது. அவர் சத்தம் போட்டார். ஜவாஹிர் வந்து குனிந்து காலடியில் ஏதோ செய்தான். கதிரையின் ஆட்டம் நின்றுவிட்டது. "பாத்தீங்களோ அபூதாஹிர், வெருட்டினால்தான் வேலை நடக்கும்" என்று சொல்லிவிட்டுக் குலசிங்கத்தார் நிம்மதியாகத் தூங்கினார்.

ஒன்பது நாள் கழித்து, பாக்கியரத்தினம் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் இன்னொரு படிவம்.

"ஐயா, இது ஜவாஹிரைப் பற்றி நீங்கள் எழுதவேண்டிய படிவம். இண்டைக்குத்தான் வந்தது."

குலசிங்கத்தார் தேநீரைக் கீழே வைத்தார். "அப்ப முந்தி வந்தது?"

"அது உங்கட சேவை நீடிப்புக்கு எல்லோ! தை மாசம் உங்களுக்கு அம்பத்தஞ்சு முடியுது. நீடிக்கச் சொல்லி நீங்களே நிரப்பி அனுப்ப வேணும். நாளைக்குள்ள தபால் முத்திரை விழவேணும் ஐயா. அனுப்பிட்டீங்கள்தானே? உங்களுக்குத்தான் சிங்களம் தெரியுமே எண்டு நான் ஒண்டும் கேக்கேல்லை."

குலசிங்கத்தாரின் மீசை தொங்கிப்போனது. அவர் கண்ணுக்கு முன்னால் கப்பல்துறை வந்தது. கமலேஸ்வரி ஏற்கெனவே சொல்லிவிட்டாள். ஓய்வு கிடைத்ததும் தம்பியோடு போய் இருப்பது, ஆடுகளில் பாதியை அவர் மேய்ப்பது. பெயரில் மட்டும் கப்பல் உள்ள ஊர்! அங்கே இராசையா தினமும் ஆகாயத்தைக் காட்டி, "அத்தான், இது உங்கட பழைய பிளேனோ?" என்று கேட்பார். மிச்ச ஆயுள் முழுக்கக் கேட்பார். கடலை விட்டால் தனக்கு வேறு ஒன்றும் தெரியாது என்பதை நினைத்தபோது குலசிங்கத்தாருக்கு உண்மையாகவே பயம் வந்தது.

கிளாக்கர் போனதும் அபூதாஹிர் கிட்ட வந்தார். "பயப்படாதீங்க. அவன் போட்டிருக்க மாட்டான். பஞ்சி பிடிச்ச மகா சோம்பேறி."

"சத்தியமாச் சோம்பேறிதானே?"

"அல்லாஹ்மேல ஆணை. இவனப் போல ஒரு சோம்பேறிய இந்தத் துறைமுகம் கண்டதில்ல."

அந்த வார்த்தை குலசிங்கத்தாரின் வயிற்றில் பால் வார்த்தது. அந்த நேரம் பார்த்து ஜவாஹிர் உள்ளே வந்தான். தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. சட்டை மடிப்புக் கலையவில்லை. தன்னைப் பற்றி ஒரு படிவம் வந்திருப்பதாக மாடியில் யாரோ காதில் போட்டிருந்தார்கள்.

"தம்பி, அண்டைக்குத் தந்த கடிதம்..."

"அண்டைக்கே போட்டுட்டன் சேர். தந்த கையோட ஓடிப் போனனான்."

குலசிங்கத்தார் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓடியோ? நீரோ?"

"ஓடித்தான் சேர். வெயிலையும் பாக்கல்ல."

"மகன்," என்றார் அபூதாஹிர், "உன்ட ஆயுசுல நீ ஓடினத்த ஆராவது பாத்திருக்காங்களா?"

"வடிவா யோசியும் தம்பி," குலசிங்கத்தார் எழுந்து அவன் தோளைப் பிடித்தார். "நீர் நல்ல பிள்ளை. நல்ல சோம்பேறி எல்லோ? மறந்திருப்பீர். எங்கேயாவது விட்டிருப்பீர்."

"அது முந்தி சேர். இப்ப நான் திருந்திட்டன்."

"திருந்தாதேயும்!" என்று கத்தினார் குலசிங்கத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போடேல்லை எண்டு மட்டும் சொல்லும். ஏச மாட்டன். இனி என்ர பங்குப் பனங்கட்டியும் உமக்குத்தான்."

ஜவாஹிர் சந்தேகத்தோடு பார்த்தான். "இது சோதினையா சேர்?"

குலசிங்கத்தார் பதில் சொல்ல முயன்றார். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. தொப்பென்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடத்தில் அந்த அறையில் யாரும் அழுததில்லை. ஜவாஹிர் பதறிப்போனான்.

"சேர், அழாதீங்க சேர். நான் போடல்ல."

"உண்மையாவோ? எங்கே கிடக்கு?"

"நீங்க அதுக்கு மேலதான் இருக்கீங்க."

கதிரையின் பின்காலுக்குக் கீழே, நாலாக மடித்து, தட்டையாகி, கரையெல்லாம் தூசி படிந்து, கொழும்பு விலாசத்தோடு அந்த உறை இருந்தது. ஒன்பது நாளாகத் தன் தலைவிதியின் மேல் உட்கார்ந்து குறட்டை விட்டிருக்கிறார்! குலசிங்கத்தார் அதை எடுத்து ஊதி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அபூதாஹிர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சோம்பலுக்காக ஒருவருக்கு அந்த அறையில் கை கொடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

பாக்கியரத்தினம் எதற்கும் ஒரு வெற்றுப் பிரதி வைத்திருப்பவர். அதை வாங்கி வந்தார்கள். ஆனால் கேள்வியை யார் வாசிப்பது? குலசிங்கத்தார் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, எனக்கு இந்த மூக்குக்கண்ணாடி சரியில்லை..."

"நான் வாசிக்கிறன் சேர். கப்பல்ல என்னோட ஆறு வருஷம் காலி ஊர்ச் சிங்களப் பொடியன்கள்தான். அவங்ககிட்டப் பழகின." ஜவாஹிர் பழைய உறையைக் கிழித்து, நிரப்பிய படிவத்தை வெளியே எடுத்தான். மேலே இருந்த பெயரை வாசித்தான். பிறகு கேள்வியையும் பதிலையும் சத்தமாக வாசிக்கத் தொடங்கினான். தடுப்பதற்கு யாருக்கும் புத்தி வரவில்லை.

"'வேலைக்கு வரும் நேரம்?' 'ஒன்பதரைக்கு முன் இவரைக் கண்டவர் இல்லை.' சரிதான் சேர். 'திருமணமானவரா?' 'பொறுப்பு என்பது அறவே கிடையாது.' இத மட்டும் வீட்டுல காட்டிராதீங்க. 'உடல்நிலை?' 'ஏணியைக் கண்டால் பெருமூச்சு விடுவார்.' அதுவும் சரிதான். 'மத்தியானத்துக்குப் பின் எழுப்புவது சிரமம்...'" அவன் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் பெரிய மரியாதை. "சேர், தன்னப் பத்தி இவ்வளவு உண்மையா எழுத வேற ஒருத்தராலயும் ஏலாது. தேத்தண்ணி மட்டும் ஆறு எண்டு போட்டிருக்கீங்க. ஏழு சேர்."

அபூதாஹிருக்கு மூக்கால் தேநீர் வந்தது. அவர் யன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கினார். குலசிங்கத்தார் கண்ணாடியைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், எதிலும் ஆதரவு கிடைக்கவில்லை. எழுதும்போது ஒரு சொல்லுக்குக்கூட அவர் யோசித்தது கிடையாது. எல்லாம் எங்கிருந்து அவ்வளவு இலேசாக வந்தது என்பது இப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

ஜவாஹிர் கடைசிக் கேள்விக்கு வந்து நின்றான். "'சேவையை நீடிப்பதற்குக் காரணம்?' 'இவரைத் தொடர்ந்து சேவையில் வைத்திருப்பது துறைமுகத்துக்கு நட்டம்.'" அவன் தாளை மடித்தான். "இது பொய் சேர். போன மாசம் அந்தக் காத்துக்குள்ள தேயிலைக் கப்பல நீங்க திருப்பினத்த நான் பக்கத்துல நிண்டு பாத்தனான். அத எப்பிடி எண்டு கேக்கணும் எண்டு இருக்கன். இன்னும் கேக்கல்ல."

"ஏன் கேக்கேல்லை?"

"பஞ்சி சேர்."

குலசிங்கத்தாருக்குச் சிரிப்பு வந்தது. அவர் பேனாவைத் திறந்து இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜவாஹிர் வாசிக்க வாசிக்க நிரப்பினார். தன்னுடையதில் நேரந்தவறாதவர், சுறுசுறுப்பானவர் என்று எழுதினார். அவனுடையதிலும் அதையே எழுதினார்.

"ரெண்டயும் ஒரே உறையில போடாதீங்க," என்றார் அபூதாஹிர். "கொழும்புல ஆரும் நம்ப மாட்டாங்க."

தபால் கந்தோருக்குக் குலசிங்கத்தாரே போனார். வெயிலில், குடையில்லாமல், கிட்டத்தட்ட ஓடினார். கந்தோர் வாசலில் நின்றவர்கள் எந்தக் கப்பல் தாழ்ந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது அறையில் யாருமில்லை. பழைய படிவம் மேசையில் கிடந்தது. உட்கார்ந்தார், கதிரை ஆடியது. அவர் அந்தப் படிவத்தை நாலாக மடித்து, குனிந்து, தன் கையாலேயே பின்காலுக்குக் கீழே செருகினார்.

மறுநாள் பத்து மணிக்குத் தேநீர் வந்தது. அபூதாஹிர் சாய்ந்துகொண்டு, "இந்தக் காலத்துப் பொடியன்கள்..." என்று தொடங்கினார்.

குலசிங்கத்தார் மெல்ல அசைந்து பார்த்தார். கதிரை ஆடவில்லை.

"அதை விடுங்கோ அபூதாஹிர்," என்றார். "நீங்கள் அண்டைக்கு நீந்தினனீங்களே, அந்தக் கதையைச் சொல்லுங்கோ."

அபூதாஹிர் மகிழ்ந்துபோனார். பனங்கட்டியை ஒரு கடி கடித்துவிட்டு, இந்த முறை நிலாவெளிக்கும் அப்பால், இறக்கக்கண்டியிலிருந்து நீந்தத் தொடங்கினார்.