புள்ளி வைக்காத வரி

1

இந்தக் கதையைப் பக்கத்து மேசையிலிருந்து எடுத்தேன். திருடவில்லை, கேட்டுத்தான் எடுத்தேன். "எழுதுங்க சார், தப்பிருந்தா நான் பாத்துக்கறேன்" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் வசதி.

எங்களுடையது ஒரு பதிப்பகம். இரண்டாம் மாடி, ஆறு மேசை, மழை வந்தால் ஜன்னலோர மேசையை மட்டும் நகர்த்த வேண்டும். நான் பின்னட்டை வாசகம் எழுதுகிறவன். 'எடுத்தால் கீழே வைக்க முடியாது' என்று நான் எழுதிய புத்தகங்களில் பாதியை நான் எடுத்ததே இல்லை. அவள் மெய்ப்புப் பார்க்கிறவள். அச்சுக்குப் போகுமுன் பிழை பிடிப்பது வேலை. ஆபீசில் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். வாசலில் ஒட்டிய நோட்டீஸைக்கூடத் திருத்திவிட்டுத்தான் படியேறுவாள்.

(ஒரு குறிப்பு, பின்னால் வேண்டியிருக்கும். மெய்ப்பில் ஒரு வரியை அடித்துவிட்டு, பிறகு மனம் மாறினால், அடித்ததன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார்கள். அடித்தது செல்லாது, வரி பிழைத்துக்கொண்டது என்று பொருள்.)

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'ஏழாம் பாகத்தின் மெய்ப்புக் கட்டு மேசைக்கு வந்தபோது அவள் கைகள்...' (நடுங்கின என்று எழுதப் போனேன். நடுங்கவில்லை. பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.)

'மரணத்துக்கும் கதைக்கும் இடையே ஒரு...' (வேண்டாம். இது பின்னட்டை.)

மூன்றாவது, நடந்தது. ஓடக்காரன் கதை மொத்தம் ஆறு பாகம். அக்கரையை யாரும் கண்டிராத ஒரு கடலில், பேசும் விளக்கு ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு கிளம்புகிறவனின் கதை. ஆறாம் பாகத்தின் கடைசியில் ஓடம் பனிக்குள் போகிறது. விளக்கு கொஞ்ச நேரம் தெரிகிறது, அப்புறம் தெரியவில்லை. முற்றும். இனி ஒரு வரிகூட இல்லை என்று ஆசிரியர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஒன்பது வருஷம் கழித்து ஏழாம் பாகம் வந்து நிற்கிறது.

கட்டைப் பார்த்ததும் கழுகு சிரித்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு. அடுத்த நிமிஷம், சிரித்ததற்கு யாரோ அதட்டியது போல முகம் சுண்டிப்போனது. இப்போது வந்து என்ன பிரயோஜனம் என்று கட்டைப் பார்த்தே கேட்டாள். அன்று மாலைதான் தம்பியைப் பற்றிச் சொன்னாள்.

3

தம்பி லிஃப்ட் மெக்கானிக். நான் பார்த்ததில்லை, அதனால் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். செத்தவர்கள் எல்லாருமே நல்லவர்களாகத்தான் கதைக்குள் வருகிறார்கள். கேட்டேன். சாப்பிட்ட தட்டை ஒருநாளும் கழுவ மாட்டான் என்றாள். போதும், ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே இருவருக்கும் ஒரே பிரதி. அக்கா முன்னால் படிப்பாள், தம்பி பின்னால். அடுத்து என்ன என்று அவன் கெஞ்சுவான். இவள் வாயைத் திறக்க மாட்டாள். அந்த வீட்டில் அது ஒரு விளையாட்டு.

ஆறாம் பாகம் வந்த வருஷம் அவன் படுத்தான். ரத்தத்தில் நோய், முப்பது வயசு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படித்து முடித்துவிட்டு, இதெல்லாம் ஒரு முடிவா என்று அக்காவோடு சண்டை பிடித்தான், அவளே எழுதியது போல.

மறுநாள் அவள் ஒரு டம்மியைக் கொண்டுபோனாள். (டம்மி: புத்தகத்தின் தடிமன் பார்க்க வெற்றுத்தாளை வைத்துத் தைக்கும் மாதிரி. அட்டை உண்டு, முதுகு உண்டு, உள்ளே ஓர் எழுத்து கிடையாது.) ஏழாம் பாகம் ரகசியமாக அச்சாகிறது, யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டு, தினம் நாலு மணிக்கு வெள்ளைத் தாளைப் பார்த்து வாசித்தாள். ஊரார் எழுத்தில் பிழை பிடித்தே காலம் கழித்தவள் முதல்முறையாகக் கதை விட்டாள். பக்கத்துக் கட்டில்காரரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாராம்.

ஒருநாள் தம்பி கண்ணை மூடியபடியே சொன்னான்: "அக்கா, பக்கம் திருப்ப மறந்துட்டே."

அவள் திருப்பினாள். மேலே வாசித்தாள்.

இருபத்திரண்டு நாள் ஓடம் பனியிலேயே கிடந்தது. சுழல் வந்தது, கண்ணில்லாத மீன் வந்தது, விளக்குக்குக் காய்ச்சல் வந்தது. கரை மட்டும் வரவில்லை. கரை வந்தால் கதை முடியும்; கதை முடிந்தால் அப்புறம் என்ன என்பதை அவளால் நினைக்க முடியவில்லை. இருபத்திரண்டாம் நாள் பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்காவது சொல்லிட்டுப் போ. கரை சேந்தானா?"

"நாளைக்கு," என்றாள்.

மறுநாள் மதியமே அவன் போய்விட்டான்.

"ஒரே ஒரு வார்த்தை சார்," என்றாள் என்னிடம். "சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"



4

ஏழாம் பாகம், பக்கம் 211. ஓடக்காரன் கிழவனாகிக் கரையோரக் குடிசையில் இருக்கிறான். அவன் போகவே இல்லை. பனிக்குள் பத்துத் துடுப்புப் போட்டதும் பயந்து திரும்பிவிட்டான். தேடி வந்தவர்களிடம் சொல்கிறான்: அக்கரை என்று ஒன்று இல்லை.

அந்த வரியைக் கழுகு பென்சிலால் அடித்தாள். சாப்பிடப் போனாள். திரும்பி வந்து, அடித்த வரியின் கீழே ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள். ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினாள். அதே பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளையும் திருத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

அதே மதியம் நான் பின்னட்டைக்கு எழுதிக் கொடுத்தது: 'காத்திருந்தது வீண்போகவில்லை.'

5

முடிவுகள்.

அவள் வேலையை விட்டுப் போகிறாள். (போகவில்லை. இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள், ஒரு சமையல் புத்தகத்தைத் திருத்திக்கொண்டு.)

அவள் தன் ஏழாம் பாகத்தை அந்த டம்மியில் எழுதி முடிக்கிறாள். (கேட்டேன். யாருக்கு என்றாள்.)

மூன்றாவதை நான் சொந்தமாகச் செய்தேன். இருபத்திரண்டாம் நாள், மணி அடித்த பிறகு, 'நாளைக்கு' வரவேண்டிய இடத்தில் வேறொரு வரி எழுதினேன். கதைதானே, எனக்கு உரிமை இல்லையா? முடிந்துபோனதை இழுத்து நீட்டுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

கதையை அவளிடம் கொடுத்தேன். சொன்னபடியே திருத்தினாள். 'கண்ணீர் மல்கச் சொன்னாள்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டு ஓரத்தில் 'அழவில்லை' என்று குறித்திருந்தாள். என் மூன்றாவது முடிவையும் அடித்திருந்தாள், ஒரே கோடாக, கை அழுத்தாமல். ஓரத்தில் 'நடக்கவில்லை'.

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் என் மேசைக்கு வந்தாள். தாளைத் தன் பக்கம் திருப்பினாள். அடித்த வரிக்குக் கீழே பென்சில் முனையை வைத்தாள். ஒரு புள்ளியும் விழவில்லை. பென்சிலைத் தாள் மேலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

புள்ளி வைக்க எனக்குக் கை வரவில்லை. அந்த வரியும் பென்சிலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. படிக்கிற உங்களுக்கு அவள் யாரோ, தம்பி யாரோ, உங்களால் முடியலாம். கோடு அவள் போட்டது:

[அடிக்கப்பட்டது: "சேந்துட்டான்டா," என்றாள் அக்கா.]