திறக்காத கதவு

அந்தக் காரை எல்லோரும் ‘சோப்பு டப்பா’ என்றுதான் சொல்வார்கள். மெல்லிய தகடு, மேடு கண்டால் மூச்சு வாங்கும். மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்கணும் என்று கேலி வேறு. அதைச் செய்த தொழிற்சாலையில் கதவு மாட்டிக்கொண்டிருந்த ஃபிட்டரும் சேர்ந்து சிரித்தவர்தான். ஊழியர் சலுகையில் கிடைத்ததென்று தங்கை கல்யாணத்துக்கு அதையே வாங்கிக் கொடுத்தார்.

தங்கை கணவர் தையல்காரர். ஒருநாள் இருவரும் அந்தக் காரில் போகும்போது நாற்சந்தியில் லாரி பக்கவாட்டில் மோதியது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம். தையல்காரர் இறங்கி ஓடிப்போய் நசுங்கிய கதவை இழுத்துக்கொண்டே இருந்தாராம். ஆட்கள் கடப்பாரையால் நெம்பித் திறந்தபோது உயிர் இல்லை.

அப்புறம் தையல்காரர் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டார். துணி வெட்டும் மேசையில் மாடல் கார் ஒட்ட ஆரம்பித்தார். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக்கைப் பசை போட்டுச் சேர்ப்பது. ஃபிட்டர் பார்க்கப் போனபோது மேசை நிறையச் சோப்பு டப்பாக்கள், எல்லாம் அவள் போன காரின் அதே வெளிர்பச்சை.

"என்ன மாப்பிள்ளை, ஷோரூம் வைக்கப் போறீங்களா?"

தையல்காரர் சிரிக்கவில்லை. ஒன்றை நீட்டினார். அந்த மாடலில் கதவு என்பது வெறும் கோடு, திறக்காது. அவள் பக்கத்துக் கதவை மட்டும் பிளேடால் அறுத்தெடுத்து, குண்டூசியை ஒடித்துக் கீல் வைத்திருந்தார். நகத்தால் நெம்பினால் பாதியில் சிக்கியது.

"எதுலயும் முழுசா திறக்க மாட்டேங்குது மச்சான். நீங்க கதவு வேலை பார்த்தவரு. கொஞ்சம் பாருங்க."

'திறந்து என்ன ஆகப்போகுது?' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு ஃபிட்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு ஞாயிறுதோறும் வந்தார். தேய்த்தார், சீவினார், மறுபடி ஒட்டினார்.

ஒருநாள் தையல்காரர் நிமிராமலே சொன்னார்: "அந்தக் கதவை நீங்க மாட்டியிருந்தாலும் உங்க மேல தப்பில்ல மச்சான்."

அந்தக் காரின் கதவைத் தானே மாட்டியிருப்போமோ என்ற பயத்தை ஃபிட்டர் யாரிடமும் சொன்னதே இல்லை. பிளேடை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு வந்தார். அன்றைக்கு ஒரு கதவு தடங்கலில்லாமல் முழுசாகத் திறந்தது. தையல்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். காலியான சின்ன இருக்கை. வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப திறந்து..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. காரை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பெட்டியைப் பிரித்தார்.

கொஞ்ச நாளில் அந்த மாடல் வருவது நின்றுபோனது. "அதை யாருங்க வாங்குறா?" என்றார் கடைக்காரர். ஃபிட்டர் வேறொரு அழகான கார் பெட்டி வாங்கிப் போனார்.

தையல்காரர் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல அவ உக்காரவே இல்லையே மச்சான்."

ஒட்டி முடித்த கார்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார், மறுபடி ஒட்டுவதற்கு. பசை விடாத இடத்தில் பிளாஸ்டிக் உடைந்தது. ஃபிட்டர் தரையில் சிதறிய துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.