தொண்ணூறு நிமிடம்

இரண்டாம் மாடித் தாழ்வாரத்தின் கோடியில் ஏணி போட்டு அவர் பழைய எக்ஸிட் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து மனைவி கூப்பிட்டாள். "ஏங்க." கையில் திருப்புளியோடு சட்டென்று திரும்பிவிட்டார். முப்பத்தைந்து வருடமாக அந்த ஒரு சொல்லுக்குத் திரும்பிப் பழகிய கழுத்து. "ஏங்க, கரண்ட்காரரே," என்று அவள் முடித்தாள். "எங்க வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. வெளிய போற வழி எது?"

அந்த முதியோர் இல்லத்தில் அவர் எட்டு வருடமாக எலக்ட்ரீஷியன். மனைவிக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோக ஆரம்பித்து, ஒரு காலையில் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து முன்னறையில் போய் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே மேலாளரிடம் போய் ஒரு கட்டில் கேட்டார். இரண்டாம் மாடி முழுக்க ஞாபகம் போனவர்கள்தான், பதினெட்டுப் பேர். அவர்களில் அவள்தான் சின்னவள். அறுபது இன்னும் முடியவில்லை. தினமும் நாலு தடவை ஏதாவது சாக்கு வைத்து அந்த மாடிக்குப் போவார். ஒன்றுமில்லை என்றால் நன்றாக எரிகிற பல்பையே கழற்றித் துடைத்து மாட்டுவார். அவளுக்கு அவர் கரண்ட்காரர். தங்கமான மனுஷன் என்று பக்கத்துக் கட்டிலில் சொல்வாளாம். வீட்டுக்காரரைப் பற்றித்தான் குறை. சொன்ன நேரத்துக்கு வந்ததே கிடையாதாம்.

அந்த வருடம் தீயணைப்புச் சோதனைக்கு வந்தவர்கள் மெயினை நிறுத்திப் பார்த்ததில், கட்டடத்தின் இருபத்து மூன்று எக்ஸிட் போர்டுகளில் பதினொன்று அப்போதே அணைந்துபோயின. ஒவ்வொரு போர்டுக்குள்ளும் உள்ளங்கையளவு பேட்டரி ஒன்று இருக்கும். கரண்ட் போனால் தொண்ணூறு நிமிடம் அது விளக்கைத் தாங்க வேண்டும், அதுதான் விதி. நாலு வருடம் உழைக்கிற பேட்டரி. இங்கே ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மாற்றச் சொல்லி அவர் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். சோதனைக்காரர்கள் ஒரு முறை எழுதியதும் புதுப் போர்டுகள் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கின. இருந்ததிலேயே மோசம் இரண்டாம் மாடிக் கோடியில் இருந்த போர்டுதான். பிளாஸ்டிக் பழுத்து, எழுத்து தேநீர்க் கறை நிறத்துக்குப் போய், உள்ளே பூச்சிகள் செத்துக் குவிந்திருந்தன. அங்கே ஒரு போர்டு இருப்பதே யாருக்கும் தெரியாது. அதன் கீழே இருந்த கதவும் சுவரோடு சுவராகத்தான் கிடந்தது.

புதுப் போர்டு பளிச்சென்று பச்சையாக எரிந்தது. அதில் ஒரு மனிதன் கதவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

அவள் இருபத்திரண்டு வருடம் பஸ் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவள். பச்சை வெளிச்சத்தைப் பார்த்த அன்றே அது அவளுக்குப் பஸ் நிலையமாகிவிட்டது. கைப்பையை இடுக்கிக்கொண்டு போர்டின் கீழே போய் நிற்பாள். மற்றவர்களையும் கூப்பிட்டு நிறுத்துவாள். "வரிசையா வாங்க. சில்லறையா வெச்சுக்குங்க." நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர் சொன்ன பேச்சுக்குக் கட்டுப்பட்டு இல்லாத சில்லறையைப் பையில் துழாவுவார். அந்த மாடியில் பகல் வேலை பார்த்த உதவியாள் பெண்ணை, முடியைப் பார்த்து, எல்லோரும் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். சுருட்டை அந்த வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்று, "வண்டி லேட்டாம்மா, சாப்பிட்டு வந்துடலாம்," என்று அப்படியே வரிசையைச் சாப்பாட்டு மேசைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். பெரிய நர்ஸுக்குக்கூட அந்தச் சாமர்த்தியம் வராது.

அவசரக் கதவைப் பூட்டக் கூடாது. குறுக்கே இருக்கும் கம்பியைத் தள்ளினால் யாருக்கும் திறக்கும். திறந்ததும் தலைக்கு மேலே மணி அலறும். அவள் தினம் தள்ளினாள். மணி அலறும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள், சேலையை நனைத்துக்கொண்டாள். அரை மணியில் எல்லாம் மறந்து மறுபடி தள்ளினாள். பெரிய நர்ஸ் அவரைக் கூப்பிட்டு, போர்டை ஒரு துணி போட்டு மூடிவிட முடியாதா என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டார். தீப்பிடித்தால் புகையில் அந்த வெளிச்சம் ஒன்றுதான் கதி, என் பெண்டாட்டி ஒருத்திக்காகப் பதினேழு உயிரை இருட்டில் விட முடியாது என்றார். சரி, மணியையாவது தள்ளி வையுங்கள் அண்ணே, பார்க்கச் சகிக்கவில்லை என்றார் பெரிய நர்ஸ். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. சொல்லப்போனால் அவர் மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மணியைக் கழற்றிவிட்டு, நர்ஸுகள் உட்காரும் மேசையின் அடியில் ஒரு பஸ்ஸரை வைத்தார். கதவு திறந்தால் அங்கே மட்டும் கேட்கும். அதற்கு லைன் தனியாக இழுக்க வேண்டும், மீட்டர் அறையிலிருந்து இரண்டு மாடி. எக்ஸிட் போர்டுகளுக்குப் போகும் லைன் மேசைக்கு மேலேயே ஓடியது. இப்போதைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்வோம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அதற்குப் பிறகு மணி அலறவில்லை, அவளும் அழவில்லை. கதவைத் தள்ளுவாள், இரண்டு படி இறங்குவாள், அதற்குள் சுருட்டை வந்து கையைப் பிடித்துக்கொள்வாள்.

புதுப் போர்டுகளுக்கு முழுச் சோதனை வைத்த நாள் நல்ல வெயில். காலை பதினொரு மணிக்கு மீட்டர் அறையில் போர்டு லைனின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, முதல் மாடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து மூன்று மாடியையும் சுற்றினார். ஒன்றும் மங்கவில்லை. இரண்டாம் மாடிக்குப் போனபோதெல்லாம் கண் போர்டில்தான் இருந்தது. வெகு நாள் கழித்துச் செய்கிற வேலை மனதுக்குப் பிடித்திருந்தது. பன்னிரண்டரைக்கு ஸ்விட்சை ஏற்றிவிட்டு, பதிவேட்டில் இருபத்து மூன்று கட்டத்திலும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு அப்படியே இருந்தது. கட்டில், குளியலறை, மொட்டை மாடி எல்லாம் பார்த்தார்கள். அவசரப் படிக்கட்டில் முதலில் இறங்கியவர் அவர்தான். கீழே வெளிக்கதவைத் தாண்டினால் சலவை அறைக்குப் பின்னால் ஒரு சிமெண்டு முற்றம், அதற்கப்பால் தெருவுக்குப் போகும் இரும்புக் கேட். துணி திருட்டுப் போகிறது என்று அந்தக் கேட்டில் மேலாளர் பூட்டுத் தொங்கவிட்டிருந்தார். போர்டுகளைப் பற்றிக் கரண்ட்காரருக்குத் தெரியாதது இல்லை. கேட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது. பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. வெளிக்கதவு தானாக மூடிக்கொள்ளும், வெளிப்பக்கம் பிடி இல்லை.

கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். செருப்பு இல்லை. தரை சுட்டிருக்க வேண்டும், கைப்பையைக் கீழே வைத்து அதன்மேல் இரண்டு பாதத்தையும் தூக்கி வைத்திருந்தாள். கேட்டைப் பிடித்து ஆட்டிய உள்ளங்கை இரண்டும் சிவந்து தோல் கிளம்பியிருந்தது. அவர் குனிந்து தோளைத் தொட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள். "இவ்வளவு நேரமா."

கரண்ட்காரரே என்று அடுத்து வருமா என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை, மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்தான் அவருக்கு அது உறைத்தது. எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார்கள் என்று டாக்டர் கேட்க, பதினொன்றுக்குக் கட்டிலில் பார்த்ததாகப் பெரிய நர்ஸ் சொன்னார். பதினொன்று. அவர் விரல்விட்டு எண்ணவில்லை, எண்ணத் தேவையிருக்கவில்லை. அவர் இறக்கிய ஸ்விட்ச் போர்டுகளுக்கு மட்டுமானதல்ல. போர்டுக்கு உள்ளே பேட்டரி இருந்தது, பஸ்ஸருக்கு இல்லை. அவளுக்கு வழியைக் காட்டிய விளக்கு தொண்ணூறு நிமிடமும் எரிந்தது. அவள் போகிறாள் என்று சொல்ல வேண்டியது ஊமையாகக் கிடந்தது. அவர் சுவரோரம் உட்கார்ந்ததைப் பார்த்துப் பெரிய நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மகள் தூரத்திலிருந்து வந்து, எல்லாம் முடிந்து, கிளம்பியும் போனாள். தன்னோடு வந்துவிடச் சொன்னாள், பார்க்கலாம் என்றார். பதினோராவது நாள் வேலைக்குப் போனார். பெரிய நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விசாரணை முடிந்துவிட்டது என்றார். பஸ்ஸரை நாலு பேர் முன்னால் அடித்துப் பார்த்தார்களாம், நன்றாகவே அடித்ததாம். ஆக அன்றைக்கும் அடித்திருக்கும், மேசையில் இருந்தவள்தான் கவனிக்கவில்லை. கேக்கவே இல்லை என்று சுருட்டை அழுதிருக்கிறாள், யாரும் நம்பவில்லை. "அந்தப் பொண்ண அனுப்பியாச்சுண்ணே," என்றார், அவருக்காகச் செய்த காரியம் போல. கேட்டில் பூட்டு இருந்ததைப் பற்றிய பேச்சே அறிக்கையில் இல்லை. பூட்டும் இப்போது அங்கே இல்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், அந்த ஒரு கணம் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் நகர்ந்தது போலிருந்தது. யாரோ ஒருத்தி கவனிக்கவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நாலு பேர் சொல்லும்போது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தார். மூன்று நாள் அந்த நினைப்போடு வேலைக்குப் போய் வந்தார். இரண்டாம் மாடிக்கு மட்டும் போகவில்லை. நாலாம் நாள் மேலாளரின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"துக்கத்துல ஏதோ பேசுறீங்க. நான் எதையும் கேக்கல, நீங்களும் எதையும் சொல்லல. போய்த் தனி லைன் இழுத்துடுங்க."

தனி லைன் இழுத்தார். அன்றே இழுத்து முடித்தார். மறுநாள் சுருட்டையின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனார்.

மூன்று குடித்தனங்களுக்குப் பின்னால் ஒற்றை அறை. அவரைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள். வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள். உட்காரும்மா என்றார். அவள் உட்காரவில்லை. அவரும் உட்காராமலே சொன்னார். லைனை எங்கிருந்து எடுத்தார், ஏன் எடுத்தார், ஸ்விட்சை எத்தனை மணிக்கு இறக்கினார், எத்தனை மணிக்கு ஏற்றினார் என்று பதிவேடு படிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"அப்போ அது அடிக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"தூக்கத்துல எல்லாம் அடிக்குதுங்கய்யா. எந்திரிச்சு ஓடுறேன். எனக்குத்தான் காது அவிஞ்சு போச்சுன்னு நெனைச்சிட்டிருந்தேன்." குரல் உயரவே இல்லை. "பதினஞ்சு நாளா உங்களுக்கு இது தெரியும்."

"தெரியும்."

அவள் அலமாரியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து நடுத்தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினாள். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து எழுதினார். சொன்னதையெல்லாம் எழுதினார், கேட்டில் தொங்கிய பூட்டையும் எழுதினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும், படிச்சுக் காட்டுங்க என்றாள். பாதிவரை படித்தார். 'என் மனைவி' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். அவள் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டாள். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்து அவர் வந்திருக்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தெருவில் யாரோ தண்ணி வந்திருச்சு என்று குரல் கொடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று குடித்தனத்திலிருந்தும் குடங்கள் இடித்துக்கொண்டு ஓடின. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, வரலையா, இன்னிக்கு விட்டா நாளன்னிக்குத்தான் என்று சொல்லிவிட்டு ஓடினாள். சுருட்டை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அவர் எழுந்து மூலையில் இருந்த இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு போனார். குழாயடியில் அவருக்கு முன்னால் பதினாலு பேர். எல்லாரும் பெண்கள். யார் வீட்டு மனுஷன் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நின்றவள் கேட்டேவிட்டாள். அவர் குடத்தோடு கையைத் தூக்கிக் காட்டினார். அங்கே தெருவாசலுக்கு வந்துவிட்ட சுருட்டை, தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்துக்கொண்டிருந்தாள். வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. அவரும் குடங்களை ஒரு அடி தள்ளி வைத்தார்.