படிக்கட்டில் நான்கு நிமிடம்

ஷீலா ஓர் இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பதினாறு வருடங்களாக ஆவணப்படம் எடுக்கிறாள். கண் தெரியாத தவில்காரர், காது கேளாத நடனக் குழு என்று, மேடை கிடைக்காதவர்களைத் தேடிப் போய் எடுத்தாள். படம் முடிந்தாலும் விடமாட்டாள். சாய்தளம் இல்லாத அரங்குகளுக்கு மனு போடுவாள். மாற்றுத்திறனாளி வேடத்தை மாற்றுத்திறனாளியே நடிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் மல்லுக்கு நிற்பாள். சேலையூரில் அவள் வீட்டுக்கு வருகிறவர்கள், பேசிக்கொண்டே அறைக்கும் பால்கனிக்கும் அவள் நடப்பதைப் பார்த்துக் களைத்துப் போவார்கள்.

புதிய படம் கனகவல்லியைப் பற்றியது. கனகவல்லிக்கு முப்பத்தொரு வயது. பன்னிரண்டு வயதில் லாரி மோதியதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒரு தெருநாடகக் குழுவில் நடிக்கிறாள். பெரும்பாக்கத்தில் நாலாவது மாடியில் வீடு. மின்சாரம் போய் லிஃப்ட் நின்றுவிட்டால் ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே இறங்குவாள். அந்தக் காட்சிக்காகவே வடநாட்டுத் திரைப்பட விழா ஒன்று படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது.

அதற்கு முன்னால் பொத்தேரியில் ஒரு கல்லூரியில் திரையிட்டார்கள். கனகவல்லிக்கு அன்று நாடகம் இருந்ததால் வரவில்லை. படம் முடிந்ததும் சிவகுமார் என்ற சினிமா இயக்குநர் ஷீலாவிடம் வந்தார்.

"அந்தப் படிக்கட்டு சீன் உலுக்கிடுச்சு மேடம். என் படத்துல ஹீரோயின் வீல்சேர்லதான் வர்றாங்க. கனகவல்லி ரெண்டு வாரம் வந்து அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தா நல்லா இருக்கும்."

"எதுக்குச் சொல்லிக்கொடுக்கணும்? அவளே நடிக்கட்டும்."

"அவங்க நடிப்பாங்களா?"

"ஐம்பது நிமிஷம் படம் பாத்தீங்களே சார்."

சிவகுமார் கொஞ்சம் யோசித்தார். கிண்டல் எதுவும் அவர் முகத்தில் இல்லை. "பாத்தேன். அவங்க இறங்கறதப் பாத்தேன். அவங்கம்மா அழறதப் பாத்தேன். நடிச்சு எங்க மேடம் பாத்தேன்?"

ஷீலா ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஜிஎஸ்டி சாலையில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வரும்போது தாம்பரத்தில் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் கணினியைத் திறந்து கணக்குப் பார்த்தாள். படிக்கட்டு நான்கு நிமிடம். நாடகம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. அதிலும் கனகவல்லியின் வாய் அசைகிறது, கேட்பது ஷீலாவின் வர்ணனை.

மறுநாள் காலை பெரும்பாக்கத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கனகவல்லி தலை வாரிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ நடிக்கறத நான் காட்டவே இல்லன்னு ஏன் என்கிட்ட சொல்லல?" என்று ஷீலா கேட்டாள்.

"சொன்னேனேக்கா. எறங்குறது எனக்குப் பழகிப்போச்சு, அதுல இன்னா கீதுன்னு கேட்டேன். நீதான் வெளிச்சம் பத்தல, இன்னொரு வாட்டின்னு சொன்ன."

மூன்று முறை எடுத்த காட்சி அது. இரண்டு தடவை கனகவல்லி கைகளை ஊன்றி அந்தப் படிகளில் திரும்ப ஏறியிருக்கிறாள். அப்போது ஷீலா பார்த்தது கேமராவை மட்டும்தான். எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

"மன்னிச்சிடு வல்லி. அந்த சீனையே தூக்கிடறேன்."

"தூக்காத. அதுவும் நான்தான். கொஞ்சமா வச்சிகினு, நான் பேசுறதக் காட்டு. முதல்ல உக்காரு, தல சுத்துது எனக்கு."

பதினோரு நாட்கள் உட்கார்ந்து ஷீலா படத்தை மறுபடி வெட்டினாள். நாடகம் பதினெட்டு நிமிடம் ஆனது. தன் வர்ணனையை முழுக்க எடுத்துவிட்டாள். முதலில் இருந்த தாக்கம் இதில் இல்லை என்று விழாக்காரர்கள் எழுதி, படத்தைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஷீலாவுக்கு அது வலித்தது. இரண்டு நாள் யாருடைய போனையும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அதே பிரதியை சிவகுமாருக்கு அனுப்பினாள்.

அவர் கனகவல்லியை ஆடிஷனுக்கு அழைத்தார். கதாநாயகிக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. கோவளத்தில் மீன் விற்கிற பெண்ணாக மூன்று காட்சிகள் தருவதாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் கால்களைப் பற்றி வசனம் எதுவும் கிடையாது. இது போதாது என்று ஷீலா வாதாடக் கிளம்புவதற்குள் கனகவல்லி சம்மதம் சொல்லிவிட்டாள்.

"மூணு சீன் குடுத்துட்டாங்க இல்ல? நான் பாத்துக்கறேன்."

படப்பிடிப்பு அன்று கோவளம் மணலில் பலகை போட்டு நாற்காலியைத் தள்ளிப்போனார்கள். சுற்றிலும் படகுகள், மீன் கூடைகள், வேடிக்கை பார்க்கும் கூட்டம். நாற்காலி நுழைகிற கழிப்பறை எங்குமே இல்லை என்று தெரிந்ததும் ஷீலா நேராகத் தயாரிப்பு நிர்வாகியிடம் போனாள். "காலைல ஆறு மணிக்கு வரச் சொன்னீங்களே, சாயந்திரம் வரைக்கும் அவ என்ன பண்ணுவா?" என்று குரலை உயர்த்தினாள். கழிப்பறை இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போக வண்டிக்கு ஏற்பாடு செய்வதாக அவர் சொன்னார். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று ஷீலா விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கையில் ஒரு வஞ்சிர மீனோடு கனகவல்லி கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தச் சண்டைய அப்பால போடு. இப்ப நவுரு, ஃப்ரேம்ல நிக்கிற."